கதிர்காமப் பாதையில் ஒரு மடிப்பிச்சை

நேர்த்திக்காக மடிப்பிச்சை எடுப்பது எங்கள் ஊர்களில் புதிதல்ல. பிள்ளைக்குச் சுகம் வந்தால் பிச்சை எடுத்து உண்டியலில் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்ட அம்மாக்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். போன வருடக் கதிர்காமப் பாதயாத்திரையில் நானும் மடியேந்தினேன். ஆனால் சேர்ந்த காசு உண்டியலுக்குப் போகவில்லை. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்களுக்குப் போனது.

காரணம் என் சின்னம்மா. முள்ளிவாய்க்காலிலிருந்து உடம்பில் செல் துண்டுகளோடு வந்தவர். சில வருடங்களின் பின் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டபோது அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. "பீஸ் இடம் மாறி வந்திருக்கு எண்டுதான் பிள்ளை நினைச்சன். நோகவும் இல்லை" என்றார். அந்த நினைப்பிலேயே ஒரு வருடத்துக்கு மேல் கழிந்துவிட்டது. கடைசியில் வைத்தியரிடம் காட்டியபோது அக்குளிலும் நெறி கட்டியிருந்தது.

பாதயாத்திரையின் முழு வழி தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்குகிறது. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கரையோரமாக இறங்கி, உகந்தையில் காட்டுக்குள் நுழையும். முழுவதும் நடக்க ஒன்றரை மாதமளவு பிடிக்கும். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து நடப்பது நின்றுபோயிருந்தது. சம்பளமில்லாத சுயாதீன ஊடகவியலாளருக்கு ஒன்றரை மாதம் கட்டாது என்பதால் உகந்தையிலிருந்துதான் நான் சேர்ந்துகொண்டேன். குமண, யால காடுகளுக்குள்ளால் ஐந்தாறு நாள் நடை. குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்கிப் போகவேண்டும். யானைப் பயம் இருப்பதால் தனியே ஒருவரும் நடப்பதில்லை. வெளிச்சம் வருமுன் புறப்பட்டு வெயில் ஏற மரநிழலில் படுப்பதுதான் வழக்கம். அங்கே எல்லாருக்கும் ஒரே பெயர், சாமி.

புற்றுநோய்க்காக நடந்து காசு சேர்ப்பதை இந்த நாடு முன்பும் கண்டிருக்கிறது. 2011 ஜூலையில் 'ட்ரெயில்' என்ற நடைபயணம் தெற்கே தெய்வேந்திரமுனையில் தொடங்கிப் பருத்தித்துறையில் முடிந்தது. 670 கிலோமீற்றர். அதில் சேர்ந்த பணத்தில்தான் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2016 இல் மறுவளமாக, பருத்தித்துறையிலிருந்து தெற்கே, காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக நடந்தார்கள். போர் முடிந்து இரண்டே வருடத்தில் தெற்கிலிருந்து நடந்து வந்தவர்களை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு அப்போது குழப்பமாக இருந்தது. பிறகு சின்னம்மாவுக்கு மருந்து ஏற்றியது அந்தக் கட்டடத்தில்தான்.

அது பெரிய நடை. என்னுடையதற்கு ஒரு வட்ஸ்அப் குழுவும் ஒரு கொப்பியும் மட்டும்தான். கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் உறவுகள் கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று எழுதித் தந்தார்கள். காட்டுக்குள் காசு கேட்பதில்லை என்று முதலே முடிவெடுத்திருந்தேன். சும்மா கதைத்துக்கொண்டுதான் நடந்தேன்.

குமுக்கன் ஆற்றில் குளிக்கும்போது, குறுக்குக்கட்டோடு நின்ற ஓர் அம்மாவின் ஒருபக்க மார்பு தட்டையாக இருப்பதைக் கண்டேன். நான் பார்த்ததை அவரும் கண்டுகொண்டார். "எடுத்துப்போட்டினம் சாமி" என்றார், வெகு சாதாரணமாக. கரையில் பழைய சேலைத் துணியைச் சுருட்டி உள்ளாடைக்குள் வைத்தார். துணிக்குப் பாரமில்லை, நடக்க நடக்க மேலே ஏறிவிடும், ஆட்கள் பார்க்குமுன் இழுத்துவிட வேண்டும், அதனால் கலியாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டேன் என்றார். அவரும் முதலில் செல் துண்டு என்றுதான் நினைத்திருக்கிறார்.

இதற்கென்றே செயற்கை மார்பகம் இருக்கிறது. சிலிக்கனில் செய்தது, இயற்கை மார்பளவு பாரம் கொண்டது. ஒருபக்கப் பாரம் போனால் தோளும் முதுகும் சரிந்து நோவெடுக்கும் என்பதால் அதை அழகுக்கான சாமான் என்று தள்ளிவிட முடியாது. அக்குள் நெறிகளை எடுத்தவர்களுக்குக் கை வீங்குவதுண்டு. அதற்கு இறுக்கமான கையுறையும் பயிற்சியும் வேண்டும். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம்தான். ஆனால் கதிர்ச்சிகிச்சை என்றால் கிழமையில் ஐந்து நாள், பல கிழமைகள். வன்னியின் உட்கிராமத்திலிருந்து இரண்டு மூன்று பஸ் மாறி வரும் பெண்ணுக்கு பஸ் காசு, தங்குமிடம், இழந்த கூலி என்று செலவு ஏறுகிறது. குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள் சிகிச்சையைப் பாதியில் விடுவது இங்கேதான். எங்கள் காசில் பெரும்பகுதி பஸ்ஸுக்கும் தங்குமிடத்துக்கும் போனதற்குக் காரணம் இதுதான். பணத்தை நானாகப் பங்கிடவில்லை. ஒரு நோயாளர் நலன்புரிச் சங்கத்திடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கி, படமெடுத்துக் குழுவில் போட்டேன். நம் சனத்திடம் காசு வாங்கிக் கணக்குக் காட்டாதவர்கள் நிறையப் பேர்.

உடம்பில் செல் துண்டு உள்ளவர்களுக்கு ஒன்று. மார்பிலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி தட்டுப்பட்டால், தோல் குழிந்தால், முலைக்காம்பு உள்ளிழுத்தால் அல்லது அதிலிருந்து இரத்தம் கசிந்தால், அது பீஸ் என்று நீங்களே தீர்மானிக்க வேண்டாம். நோகாத கட்டியைத்தான் கட்டாயம் காட்ட வேண்டும். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. சோதித்தால்தான் அது தெரியும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதைக் கடந்தவர்களுக்கு மார்பகப் பரிசோதனை இலவசம். எந்த நாள் என்று உங்கள் குடும்பநல உத்தியோகத்தர் சொல்வார். உடம்பில் உலோகம் இருப்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எம்.ஆர்.ஐ. படம் எடுப்பதா இல்லையா என்பது அதைப் பொறுத்தது.

குமுக்கன் ஆற்று அம்மாவுக்கு இரண்டு மாதத்தின் பின் செயற்கை மார்பகம் கிடைத்தது. தொலைபேசியில் முதலில் பாரமாக இருக்கிறது என்று முறைப்பட்டார். பிறகு, மருமகளின் கலியாணத்துக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

சின்னம்மா இந்தமுறை 500 ரூபா தந்திருக்கிறார். "என்ர கணக்குக்கு எத்தனை கட்டை நடப்பாய்?" என்று கேட்டார். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.