பின் இறக்கையில் ஆயில் கசிவா? 'அப்புறம் பார்த்துக்கலாம்' என விடலாமா? போர்ஷே 911 டர்போ ஸ்பாய்லர்: ரிப்பேர் போதுமா, மாற்ற வேண்டுமா?

காரை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தால் பின்பக்க மூடியில் லேசாக ஆயில் பிசுக்கு. துணியால் துடைத்தால் போய்விடுகிறது. நாலு நாள் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் மறுபடியும் பிசுக்கு. 20 வயதைத் தாண்டிவிட்ட போர்ஷே 911 டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு இது ரொம்பப் பழகிய காட்சி.

கசிவது இன்ஜின் ஆயில் இல்லை. வேகமாகப் போகும்போது மேலே எழும்பும் பின் இறக்கை, அதாவது ரியர் ஸ்பாய்லரைத் தூக்கும் ஹைட்ராலிக் ஆயில் அது. 'அழகுக்கு இருக்கிற இறக்கைதானே, கசிந்தால் கசியட்டும்' என்று விட்டுவிடலாமா? இல்லை பல ஆயிரம் செலவு செய்து மாற்றத்தான் வேண்டுமா? விரிவாகப் பார்ப்போம்.

எந்த கார்? என்ன இறக்கை?

2000-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த 911 டர்போவை அதன் தயாரிப்பு எண்ணை வைத்து '996 டர்போ' என்று அழைக்கிறார்கள். 3.6 லிட்டர் இன்ஜின், இரண்டு டர்போ, 420 குதிரைத்திறன். அதிகபட்ச வேகம் மணிக்கு 305 கி.மீ. இன்ஜின் இருப்பது பின்பக்கம்.

இதன் பின் இறக்கை இரண்டு அடுக்கு கொண்டது. கீழ் அடுக்கு அசையாது. மேல் அடுக்கு மட்டும் மணிக்கு சுமார் 120 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் தானாகவே மேலே எழும்பும். வேகம் 60 கி.மீ.க்குக் கீழே வந்ததும் இறங்கிவிடும். கார் நிற்கும்போது சோதித்துப் பார்க்க உள்ளே ஒரு சுவிட்சும் உண்டு.

911 காருக்கு எழும்பும் இறக்கை புதுசு அல்ல. 1989-ல் வந்த '964' மாடலிலேயே 80 கி.மீ. வேகத்தில் எழும்பும் இறக்கை இருந்தது. ஆனால் அதைத் தூக்கியது மின் மோட்டார். 996 டர்போவில்தான் அந்த வேலை ஹைட்ராலிக்கிடம் போனது. இந்தக் கசிவுப் பிரச்சினை தொடங்குவதும் இங்கேதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஜேசிபியின் கை எப்படித் தூக்குகிறதோ, அதே தத்துவம்தான். சைஸ் மட்டும் சின்னது.

ஒரு சின்ன மின் மோட்டார் பம்ப்பைச் சுற்றும். பம்ப் ஆயிலை அழுத்தி மெல்லிய குழாய்கள் வழியாக அனுப்பும். இறக்கையின் இடது, வலது பக்கங்களில் ஒவ்வொரு சிலிண்டர் இருக்கும். அதற்குள் ஆயில் நுழைந்ததும் உள்ளிருக்கும் இரும்புத் தண்டு வெளியே வரும், இறக்கை எழும்பும். ஆயில் திரும்பினால் தண்டு உள்ளே போகும், இறக்கை இறங்கும்.

தண்டு வெளியே வரும் வாயில் ரப்பர் வளையம் போன்ற 'சீல்' ஒன்று இருக்கும். தண்டை நகரவிட வேண்டும், ஆனால் ஆயிலை வெளியே விடக்கூடாது. இதுதான் அந்தச் சின்ன வளையத்தின் வேலை.

அது ஏன் கசிகிறது?

முதல் காரணம் வயசு. ரப்பர் வருஷங்கள் போகப் போக இறுகிப்போகும். பின்பக்கம் இன்ஜின் இருப்பதால் அந்த மூடி எப்போதும் சூட்டிலேயே கிடக்கிறது. இறுகல் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இரண்டாவது, பயன்படுத்தாமல் வைப்பது. 120-ஐத் தொடாமலே ஊருக்குள் ஓடும் கார், மாதக்கணக்கில் ஷெட்டில் கிடக்கும் கார் இவற்றில் தண்டு நகரவே நகராது. சீல் ஒரே இடத்தில் ஒட்டிக் காய்ந்துவிடும். திடீரென ஒரு நாள் இறக்கை எழும்பும்போது சீல் கிழியும்.

மூன்றாவது, ஈரமும் தூசும். இவை தண்டின் மேல் படிந்தால் அதன் வழவழப்பான மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் விழும். அந்தக் குழிகள் ஒவ்வொரு முறையும் சீலை அரம் மாதிரி ராவும்.

கசிந்தால் என்ன ஆபத்து?

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். வேகம் 120-லிருந்து 240 ஆனால் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு.

911-ன் முதுகு வளைந்து சரியும் வடிவம் கொண்டது. அதன் மேல் காற்று வேகமாக வழுக்கிப் போகும்போது மேலே அழுத்தம் குறையும், காரின் பின்பகுதி தூக்கப்படும். பின் டயர்களுக்கு ரோட்டின் மேல் இருக்கும் பிடிமானம் குறையும். அந்தத் தூக்கலை அடக்கத்தான் இறக்கை. நேர் ரோட்டில் அது இல்லாதது தெரியாமல்கூடப் போகலாம். அதே வேகத்தில் லேன் மாறும்போதோ, வளைவில் திடீரென பிரேக் பிடிக்கும்போதோதான் பின்பகுதி வழுக்கப் பார்க்கும்.

இது வெறும் பாடப்புத்தகக் கணக்கு இல்லை. 1990-களின் கடைசியில் வந்த முதல் தலைமுறை ஆடி டிடி காரில் பின் ஸ்பாய்லரே கிடையாது. ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் அதிவேகத்தில் கட்டுப்பாட்டை இழந்து விபத்துகள் நடந்தன, உயிர்களும் போயின. அதன்பின் நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்து ஸ்பாய்லர், வழுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பு, சஸ்பென்ஷன் மாற்றங்கள் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தது. இறக்கை ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த வேகத்தில் அது அலங்காரப் பொருள் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கசியும் ஆயில் சொட்டுவது இன்ஜின் இருக்கும் பக்கம். சூடான புகைக்குழாய், டர்போ பாகங்கள் மேல் பட்டால் புகை கிளம்பும். தீப்பிடிக்கும் வாய்ப்பையும் ஒதுக்கிவிட முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இவை:

● சுவிட்சை அழுத்தி இறக்கையைத் தூக்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்கு வருகிறதா என அளவுகோல் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் முதல் சந்தேகம் அந்தப் பக்க சிலிண்டர் மேல்.

● தூக்கிய நிலையில் ஒரு ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் இறங்கியிருந்தால் எங்கோ அழுத்தம் போகிறது என்று அர்த்தம்.

● தண்டைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் சீல் போயிருக்கிறது. வெளியே துளி ஆயில்கூட இல்லை, ஆனாலும் இறக்கை இறங்குகிறது என்றால் பம்ப்பின் உள் வால்வைப் பார்க்க வேண்டும்.

● டேஷ்போர்டில் ஸ்பாய்லர் எச்சரிக்கை வருகிறதா? இறக்கை வரவேண்டிய இடத்துக்கு வரவில்லை என்பதை கார் கண்டுபிடித்துவிட்டது. அப்படி வந்தால் வேகத்தைக் குறைத்து, நேராக ஒர்க்‌ஷாப் போவதுதான் நல்லது.

கவனம்: இறக்கை நகரும்போது இடையில் கையை வைக்கக்கூடாது. விரல் நசுங்கும்.

என்னென்ன வழிகள்?

1. ஆயில் ஊற்றி சமாளிப்பது: குறைந்த ஆயிலை நிரப்பி, இறக்கையைப் பலமுறை ஏற்றி இறக்கி உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவது. உடனே இறக்கை ஒழுங்காக எழும்பும், 'சரியாயிடுச்சு' என்று தோன்றும். ஆனால் ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும்வரை தாங்கும், அவ்வளவுதான். ஊற்றும் ஆயிலும் தயாரிப்பாளர் சொன்ன வகையாக இருக்க வேண்டும். வேறு ஆயில் நல்ல சீலையும் கெடுக்கும்.

2. சீல் மாற்றுவது: சிலிண்டரைக் கழற்றி, பிரித்து, புது சீல் போடுவது. செலவு குறைவு. இதற்கென்றே ஹைட்ராலிக் நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. தண்டு கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். நகத்தால் தடவும்போது கீறலோ குழியோ தட்டுப்பட்டால் புது சீலும் தாங்காது. பணம் வீண்.

3. புது சிலிண்டர்: செலவு அதிகம், ஆனால் தலைவலி தீரும். ஒரு பக்கம் போயிருந்தால் மறுபக்கமும் அதே வயசு, அதே சூட்டைத் தாங்கியதுதான். அதனால் இரண்டையும் ஜோடியாக மாற்றுவது நல்லது. கூலியும் ஒரே தடவையோடு முடிந்துவிடும்.

4. பழைய பாகம்: உடைத்த காரிலிருந்து கழற்றிய சிலிண்டர் விலை மலிவு. ஆனால் அதன் சீலும் 20 வருஷ சீல்தானே? சோதித்துப் பார்க்காமல் வாங்கினால் கசிவைக் காசு கொடுத்து வாங்கியது போலத்தான்.

5. மின் மோட்டாருக்கு மாறுவது: ஹைட்ராலிக்கை முழுசாக எடுத்துவிட்டு மின்சாரத்தில் இயங்கும் தண்டுகளைப் பொருத்தும் கிட்கள் வெளிச்சந்தையில் கிடைக்கின்றன. ஆயிலே இல்லாததால் கசிவும் இல்லை. ஆனால் அதே வேகத்தில் எழும்புகிறதா, எச்சரிக்கை விளக்கு முன்போலவே வேலை செய்கிறதா என்பதை உறுதிசெய்ய வேண்டும்.

6. நிரந்தரமாகத் தூக்கி நிறுத்துவது: சிலிண்டருக்குப் பதில் அசையாத கம்பிகளைப் போட்டு, இறக்கையை எப்போதும் மேலேயே வைப்பது. இதே தலைமுறையின் 911 ஜிடி2 காரில் கம்பெனியே அசையாத இறக்கையைத்தான் வைத்தது. ஆனால் அது அந்த காருக்காகவே வடிவமைத்த இறக்கை. டர்போவில் இப்படிச் செய்வது மாற்றியமைப்புக் கணக்கில் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கார் பிறந்த ஜெர்மனியில், சாலைப் பாதுகாப்பைப் பாதிக்கக்கூடிய மாற்றங்களை அனுமதியில்லாமல் செய்தால் வாகனத்தின் இயக்க அனுமதியே ரத்தாகலாம். 5-வது, 6-வது வழிகளில் போவதற்கு முன் அந்த பாகத்துக்கு அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

அங்கே இத்தனை வயசான கார்களுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயத் தகுதிப் பரிசோதனை உண்டு. ஆயில் சொட்டுவதைப் பெரிய குறையாகக் குறித்துவிட்டால், சரிசெய்து ஒரு மாதத்துக்குள் மறுபடியும் காட்ட வேண்டும்.

செய்யவே கூடாதது எது?

இறக்கையைக் கீழேயே பூட்டிவிட்டு, எச்சரிக்கை விளக்கையும் அணைத்துவிடுவது. செலவே இல்லாத வழி இதுதான், ஆபத்தானதும் இதுதான். இப்போதைய ஓனர் மெதுவாகத்தான் ஓட்டுவார். நாளைக்கு காரை வாங்குபவருக்கு இறக்கை எழும்பாது என்று யார் சொல்வது? 200-க்கு மேல் போகும்போது பின்பக்கம் இறக்கை வேலை செய்கிறது என்று நம்பித்தான் அவர் ஸ்டியரிங்கைத் திருப்புவார்.

அதனால் பழைய 911 டர்போ வாங்கப் போகிறவர்கள், இன்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் அந்த சுவிட்சை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது.

சுருக்கமாக...

● தண்டு வழவழப்பாக இருந்தால்: சீல் மாற்றினால் போதும்.

● தண்டில் கீறல், குழி இருந்தால்: புது சிலிண்டர், ஜோடியாக.

● வெளியே கசிவில்லாமல் இறங்கினால்: பம்ப், வால்வைப் பார்க்கவும்.

● சரிசெய்யும்வரை: இறக்கை எழும்பும் வேகத்துக்கே போக வேண்டாம்.

● சரிசெய்த பிறகு: மாதம் ஒருமுறையாவது சுவிட்சை அழுத்தி இறக்கையை ஏற்றி இறக்கவும். தண்டு நகர்ந்துகொண்டிருந்தால்தான் சீல் காயாமல் இருக்கும்.