'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போத்தலில் போட்டிருந்தால் போதுமா?

பேரங்காடியில் சமையல் எண்ணெய் அடுக்கைக் கவனித்திருக்கிறீர்களா? பல போத்தல்களில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும்.

என் அம்மா பல வருடம் அதைப் பார்த்துத்தான் வாங்கினார். ரத்தப் பரிசோதனையில் 'கெட்ட கொழுப்பு' அதிகம் என்று வந்ததும், "கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெயைத்தானே ஊத்துறேன்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான்.

அந்த வாசகம் பொய் இல்லை. ஆனால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. கொலஸ்ட்ரால் இறைச்சி, முட்டை, பால் போன்றவற்றில் இருப்பது. தாவர எண்ணெய் எதிலுமே அது சொல்லும்படி கிடையாது.

அப்படின்னா எதைப் பார்க்க வேண்டும்?

நிறைவுற்ற கொழுப்பை.

நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே தயாரிக்கிறது. அதைச் சுமந்து செல்லும் எல்டிஎல் துகள்களைக் கல்லீரல் ரத்தத்திலிருந்து இழுத்து அகற்றும். நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் அந்த வேலை மந்தமாகும். மிஞ்சும் எல்டிஎல் ரத்தக்குழாய்ச் சுவரில் படியும். மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

எந்த எண்ணெயில் எவ்வளவு?

100 கிராமுக்கு, ஏறக்குறைய:

தேங்காய் எண்ணெய்: 80 கிராமுக்கு மேல்
நெய்: 60
செம்பனை எண்ணெய்: 40 முதல் 50
நல்லெண்ணெய்: 15
சூரியகாந்தி எண்ணெய்: 11
கனோலா எண்ணெய்: 7

ஒரு நாளுக்கான மொத்தக் கலோரியில் நிறைவுற்ற கொழுப்பு 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது சுமார் 22 கிராம். தேங்காய் எண்ணெய் என்றால் இரண்டு மேசைக்கரண்டியிலேயே தீர்ந்துவிடும்.

'அறை வெப்பத்தில் உறைந்தால் நிறைவுற்ற கொழுப்பு' என்று பள்ளியில் படித்திருப்போம். சிங்கப்பூரில் அது அவ்வளவாக உதவாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உருகிவிடும். நம் சமையலறையில் எப்போதும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.

'தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு நல்லது' என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 2020இல் வெளியிட்டனர். மற்றத் தாவர எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெய் எல்டிஎல் அளவைக் கூட்டியது. 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்டிஎல்லும் கூடியது உண்மைதான். ஆனால் ஒன்று மற்றொன்றைச் சரிக்கட்டிவிடாது.

அதற்காகச் சட்னியையும் நாசி லெமாக்கையும் அடியோடு விட வேண்டியதில்லை. தினமும் தாளிக்க, பொரிக்க எதை ஊற்றுகிறோம் என்பதுதான் முக்கியம். கொழுப்பைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் வெள்ளைச் சோற்றையும் இனிப்பையும் கூட்டினால் இதயத்துக்குப் பலனில்லை. சூரியகாந்தி எண்ணெய், கடலை வகைகள், மத்தி மீன் என்று மாற்றினால் பலன் உண்டு.

டிரான்ஸ் கொழுப்பு?

அதுதான் ஆக மோசம். அதன் முக்கிய மூலமான, பகுதி ஹைட்ரஜனேற்றப்பட்ட எண்ணெய்க்கு 2021 ஜூனில் சிங்கப்பூர் தடை விதித்துவிட்டது.

2027 நடுப்பகுதியிலிருந்து சமையல் எண்ணெய்க்கும் நியூட்ரி-கிரேட் தரநிலை வரும். அதுவரை போத்தலைத் திருப்பி, பின்னால் இருக்கும் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டியதுதான்.

இன்னொன்று: சிலருக்கு எல்டிஎல் பரம்பரையாகவே அதிகமாக இருக்கும். மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால், "எண்ணெயை மாத்திட்டேனே" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.