இருபத்தைந்து பேருக்கு ஒருத்தி

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைக்கு விடியற்காலையில் வரும் வேன்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். தூக்கக் கலக்கத்தோடு டிபன் பாக்ஸை மடியில் வைத்திருக்கும் அக்காக்களிடம் சங்கத்தைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் ஆம்பளைக சமாச்சாரம்மா" என்பார்கள்.

பக்கத்திலிருக்கும் மதுரையில், பிரிட்டிஷ் முதலாளிகளின் ஹார்வி மில் தொழிலாளர்களை 1918இல் ஜார்ஜ் ஜோசப் சங்கமாகத் திரட்டினார். அந்த வரலாற்றில் கூலியும் வேலை நேரமும் உண்டு. மேற்பார்வையாளனுக்குப் பயந்து வேலை பார்த்த பெண்ணைப் பற்றி நான் படித்த பக்கங்களில் ஒரு வரிகூட இல்லை.

அந்த வரியைத் திண்டுக்கல் பெண்கள் எழுதினார்கள். 2021 ஜனவரியில், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த இருபது வயது தலித் பெண் கொல்லப்பட்டார். அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர் கைதானார். பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராட்டத்தில் இறங்கியது.

சட்டம் இல்லாமல் இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் வேலை செய்தாலே உள்ளகக் குழு வேண்டும். ஆனால் குழுவை அமைப்பது முதலாளி. விலையையும் கெடுவையும் முடிவுசெய்யும் வெளிநாட்டு பிராண்டை அந்தச் சட்டம் தொடுவதே இல்லை.

2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைத்தது. ஈஸ்ட்மேனோடு எச் அண்ட் எம், கேப், பிவிஎச் நிறுவனங்களும் கட்டுப்பட்டன. இருபத்தைந்து தொழிலாளர்களுக்கு ஒருவர் எனத் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. ஆலை மீறினால் பிராண்டுகள் வணிகரீதியாக நடவடிக்கை எடுக்க வேண்டும்.

அதே ஆண்டு ஜூலையில், கட்டாய உழைப்பு நடப்பதாகச் சொல்லி அமெரிக்கச் சுங்கத்துறை நாச்சி அப்பேரல் துணிகளைத் தடுத்தது; செப்டம்பரில் தடையை விலக்கிக்கொண்டது. ஒப்பந்தம் கொண்டுவந்த மாற்றங்களும் அதற்குக் காரணம்.

இங்குதான் எனக்கு நெருடுகிறது. திண்டுக்கல் பெண்ணின் பாதுகாப்புக்காகக் கடல் கடந்த அரசு சரக்கை நிறுத்த முடிகிறது. நம் அரசோ முதலீடு போய்விடும் என்று தயங்குகிறது. ஒப்பந்தம் ஒரு நிறுவனத்தின் ஆலைகளோடு நிற்கிறது. சட்டமானால்தான் எல்லா ஆலைக்கும் வரும். அதுவரை கப்பலூர் வேனில் போகும் அக்காவுக்குத் துணை, பக்கத்து இருக்கையில் இருப்பவள்தான். சங்கமும் அங்கேதான் தொடங்குகிறது.