அருளர்: ஒரு பெயரும் ஓர் இசைத்தட்டும்

2005ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ‘அருளர்’ என்னும் பெயருடன் ஆங்கில இசைத்தட்டு ஒன்று வெளிவந்தது. எம்.ஐ.ஏ. என்ற மேடைப் பெயரால் அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசத்தின் முதலாவது தனி இசைத்தட்டு அது. மேலைநாட்டுப் பத்திரிகைகள் அதனை வியந்து போற்றின. பிரித்தானியாவின் மெர்க்குரி பரிசுக்குரிய அவ்வாண்டின் இறுதிப் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

மன்னார்த் தீவின் உப்புக்குளத்திலிருந்து இதனை ஆராய வேண்டிய தேவை யாதென வாசகர் வினவலாம். அந்த இசைத்தட்டின் தலையில் பொறிக்கப்பட்ட பெயர் நம்முடைய வரலாற்றைச் சேர்ந்தது. அப்பெயர் எதனைக் குறித்தது, பிறகு எதனைக் குறிப்பதாக உலகத்தாருக்குக் காட்டப்பட்டது என்ற வினாவுக்கு விடை தேடும்போது, இவ்வூரின் கதையும் அதனுள் அடங்கியிருக்கக் காண்கிறோம்.

முதலில் இசைத்தட்டு உருவான விதத்தைப் பார்ப்போம். மாதங்கி 1975இல் இலண்டனிற் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, போர் மூண்ட பின் 1986இல் தாயுடனும் உடன்பிறந்தாருடனும் அகதியாக மீண்டும் இலண்டனை அடைந்தார். அங்கே கலைக்கல்லூரியில் திரைப்படக்கலை பயின்றார். இலாஸ்டிகா என்ற ராக் இசைக்குழுவின் தலைவி ஜஸ்டின் பிரிஷ்மான் தமது குழு 2000இல் வெளியிட்ட இசைத்தட்டுக்கு அட்டைப்படம் வரையும் பணியை அவருக்கு அளித்தார். குழுவின் பயணத்தைப் படமாக்கவும் அழைத்துச் சென்றார். அப்பயணத்திலேதான் ரோலண்ட் நிறுவனத்தின் எம்.சி.505 என்னும் தாளக் கருவி மாதங்கிக்கு அறிமுகமாயிற்று. முறையான சங்கீதப் பயிற்சியில்லாத அகதிப் பெண், பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தின் வாயிலை மிதிக்காமலே, இச்சிறு கருவியைக் கொண்டு தன் முதற் பாடல்களை அமைத்தார். 2003இல் வெளியான முதற் பாடலின் முதற் பதிப்பு ஐந்நூறு பிரதிகளே. அதன் பின்னரே எக்ஸ்.எல். என்னும் நிறுவனம் அவரை ஏற்றுக்கொண்டது. இசைக்கருவி மலிவாகும்போது இசையின் வாயில் எளியோருக்கும் திறக்கிறது என்பதற்கு இது தக்க உதாரணம்.

இந்த இசை தமிழிசையன்று எனச் சிலர் முகஞ்சுளித்தனர். உண்மைதான். இலண்டனின் குடியேற்றத் தொழிலாளர் குடியிருப்புகளில் ஒலித்த யமேக்கப் பேச்சும், பிரேசிலின் ஏழைக் குடிசைகளிலெழுந்த ஆட்டப் பாட்டின் துள்ளலும், கறுப்பு அமெரிக்கரின் தாளப் பேச்சும் அதிற் கலந்துள்ளன. ஆயினும் கலப்பைக் குற்றமாகக் காண்பவர்கள் நமது கரையின் வரலாற்றை மறந்தவர்களாவர். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். அவர்களும், அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்க அடிமைகளும் இலங்கையில் விட்டுச்சென்ற ஆடல் பாடலிலிருந்தே பைலா வளர்ந்தது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் முதலியோர் ஈழத்தில் வளர்த்த பொப் இசையும் அவ்வாறு கலந்து பிறந்ததே. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தின் தாயகமும் ஆபிரிக்காவே. அராபிய வணிகர் அதனைக் கொண்டுவந்தனர் என்பர். கடலோடு வந்ததைத் தனதாக்கிக் கொள்ளும் கரை இது.

எனவே நம் வினா இசையைப் பற்றியதன்று, பெயரைப் பற்றியது.

அருளர் என்பது மாதங்கியின் தந்தை அருள்பிரகாசம் இயக்கத்திற் பூண்ட பெயர். 1975இல் இலண்டனில் தோன்றிய ஈழப் புரட்சி அமைப்பான ஈரோஸின் ஆரம்பகர்த்தர்களுள் அவரும் ஒருவர். 1977 ஓகஸ்ட் வன்செயலில் வீடிழந்த தமிழர்களைக் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு ஏற்றிச்சென்ற கப்பலைக் களமாகக் கொண்டு ‘லங்கா ராணி’ என்னும் நாவலை எழுதியவரும் அவரே. மக்களுக்காகப் போனவர் தம் மக்களுக்குக் கிட்டாதவரானார். பிள்ளைகள் தாயின் உழைப்பிலே வளர்ந்தனர். கண்காணாதிருந்த தந்தையை எட்டவேண்டுமென்ற எண்ணமும் இப்பெயரைச் சூட்டியதில் இருந்தது என மாதங்கியே பின்னர் கூறியிருக்கிறார். தாயின் பெயரான ‘கலா’வை அவர் 2007இல் வெளியிட்ட இரண்டாம் இசைத்தட்டு பெற்றது. அருளர் 2019 டிசம்பரில் மறைந்தார்.

ஈரோஸ் இயக்கத்தின் சிந்தனையில் ஒரு தனித்தன்மை இருந்தது. வடக்கு கிழக்குத் தமிழரை மட்டுமன்றி, தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தொழிலாளரையும் அது தன் கணக்கிற் சேர்த்தது. முஸ்லிம் இளைஞரும் அதில் பங்குகொண்டனர். அவர்களுள் ஒருவரான பசீர் சேகுதாவூத் அவ்வியக்கத்தின் சார்பில் பாராளுமன்றமும் சென்றார். அவ்வியக்கத்திலும் குறைகள் இருந்தன. அதன் கைகளும் இரத்தக்கறை படியாதவையல்ல. ஆயினும் ‘நாம்’ என்ற சொல்லின் எல்லையை அகலமாக வரைய முயன்ற இயக்கம் அது. 1990இல் அது கலைந்தது. அதன் ஒரு பகுதியினர் விடுதலைப் புலிகளோடு இணைந்தனர்.

அதே 1990இன் ஒக்டோபரில் உப்புக்குளத்து முஸ்லிம்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை இவ்வூரவர் மறக்கவில்லை. வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டுமெனப் புலிகள் கட்டளையிட்டனர். ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர் சில நாட்களுக்குள் வேரோடு பிடுங்கப்பட்டனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். வீடும் வலையும் நகையும் பள்ளிவாசலும் பின்னே நின்றன. உம்மாமார் இடுப்பிற் சுமந்துபோன பிள்ளைகள் புத்தளத்து ஓலைக்கொட்டில்களில் வளர்ந்து பெரியவர்களாயினர். தமிழ் பேசியதற்காகத் துரத்தப்பட்டோரின் துயரைத் தமிழுலகம் அறியும். தமிழ் பேசியும் துரத்தப்பட்டோரின் துயர் பற்றி அது அதிகம் பேசியதில்லை.

இனி அந்த இசைத்தட்டின் அட்டையை நோக்குவோம். பாடகியின் முகத்தைச் சுற்றிலும் டாங்கிகள், குண்டுகள், துப்பாக்கிகள், புலிகள். பெயர் ஈரோஸ்காரருடையது; படம் புலியினுடையது. இவ்வேறுபாட்டை அறியாத பத்திரிகைகள் பல, அருளரைப் புலி என்றே எழுதின. தூரத்துக் கிளர்ச்சியின் சின்னங்கள் சந்தையிலே விறுவிறுப்பான சரக்காகின்றன. அச்சின்னத்தின் நிழலில் யார் யார் நசுங்கினர் என்று சந்தை விசாரிப்பதில்லை. ‘அருளர்’ வெளிவந்த 2005இல், வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் புத்தளத்திலே அகதிகளாகவே இருந்தனர். அவர்களின் கதைக்கு அந்த அட்டையில் ஒரு மூலைகூட இல்லை.

இதனைக் கூறுவது அப்பாடகியைப் பழிப்பதற்கன்று. பத்து வயதிலே குண்டுவீச்சையும் இராணுவச் சோதனையையும் கண்ட குழந்தை, வளர்ந்தபின் தான் கண்டதைக் கண்டபடி பாடியது. பாலஸ்தீன இயக்கத்தைச் சுட்டும் ஒரு வரிக்காக எம்.டி.வி. அவருடைய பாடற்காட்சியொன்றை ஒளிபரப்ப மறுத்தபோது அவர் பணிந்துவிடவில்லை. அகதி என்ற சொல்லை அவமானத்திலிருந்து மீட்டு, உலகம் ஆடிப்பாடும் மேடையிலே ஏற்றியவர் அவர். அந்தப் பெருமையைக் குறைக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு குழந்தையின் கண் கண்டது முழு வரலாறு ஆகிவிடாது. எஞ்சியதைச் சேர்க்கவேண்டியது வரலாறு எழுதுவோரின் கடமை.

2009இல் போர் முடிந்த பின் உப்புக்குளத்தவர் பலர் திரும்பி வந்தனர். கரைவலைக்கும் காணிக்கும் கடைத்தெருவுக்கும் இன்று ஊரில் போட்டியுண்டு. பழைய காயத்தைக் கிளறி வயிறு வளர்ப்போரும் உண்டு. இந்நிலையில், அருளர் என்ற பெயரை அதன் முதற் பொருளோடு நினைவுகூர்வது வீண் வேலையன்று. தோட்டத் தொழிலாளியையும் கடலோர முஸ்லிமையும் யாழ்ப்பாணத்தானையும் ஒரே வரிசையில் எண்ணிப்பார்த்த ஒரு கனவு அப்பெயருக்குப் பின்னே இருந்தது. அக்கனவை உடைத்தவர்களில் நம்மவரும் உளர் என்பதை ஒப்புக்கொள்ளாமல் அதனை மீண்டும் காண முடியாது. மகள் தன் தந்தையைத் தேடி இசைத்தட்டொன்று செய்தாள். கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களைத் தேடிப் பாடும் கடன் தமிழ்ப் பாடகருக்கும் எழுத்தாளருக்கும் இன்னும் தீரவில்லை.