துணி ஒட்டிய புத்தகம்

ஆரணி என்றால் இன்று பட்டு. 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் புத்தகங்களைப் புரட்டினால் அதே ஊர் மஸ்லினுக்குப் பேர்போனதாக இருக்கிறது. டாக்காவைச் சொன்ன கையோடு ஆரணியையும் சொல்கிறார்கள். வெறும் பருத்தித் துணி. ஜரிகை கிடையாது, புட்டா கிடையாது. நூலின் மென்மைக்குத்தான் காசு.

அந்தக் காலத்துத் துணியையே பக்கங்களில் ஒட்டிக்கொண்டு ஒரு புத்தகம் வந்தது. பம்பாய்ப் படையில் மருத்துவராக இருந்து, பிறகு லண்டன் இந்தியா மியூசியத்துக்குப் போன ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் 1866-இல் அதைக் கொண்டுவந்தார். மியூசியத்தில் மடித்து வைத்திருந்த புடவை, வேட்டி, தலைப்பாகை, மஸ்லின் எல்லாவற்றுக்கும் கத்தரி போட்டார். 18 தொகுதிகளில் 700 மாதிரிகள். இப்படி 20 செட். ஆக, 14,000 துண்டுகள்! இன்றைய மியூசியக்காரர் கேட்டால் மயங்கி விழுவார். துண்டோடு துணியின் நீளம், அகலம், எடை, விலை, வாங்கிய ஊர் என்று விவரச்சீட்டும் உண்டு.

இத்தனை அளவு எதற்கு? புடவைக்குத் தையல் இல்லை. தறியிலிருந்து அறுத்து இறக்கினால் அதுவே உடுப்பு. நீளம் குறைந்தாலும் கரை மாறினாலும் நம்மூர்ப் பெண்கள் சீந்தமாட்டார்கள். இது பிரிட்டிஷ் ஆலைக்காரர்களுக்குப் புரியவில்லை என்பதுதான் வாட்சனின் கவலை. பார்த்து அதே மாதிரி நெய்து இந்தியாவில் விற்கட்டும் என்று 13 செட்டை பிரிட்டனிலேயே விநியோகித்தார்கள். மிச்சம் 7 இந்தியாவுக்கு வந்தன. அதில் ஒன்று சென்னைக்கு.

மனிதர் நேர்மையானவர், அதையும் சொல்ல வேண்டும். டாக்கா நூலையும் ஐரோப்பிய ஆலை நூலையும் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து முறுக்கை எண்ணினார். ஆலை நூலில் அங்குலத்துக்கு 56, 68 என்று வந்தது. டாக்கா நூலில் 80, 110. கையால் நூற்றதே உசத்தி என்று தன் நாட்டு முதலாளிகளுக்கே எழுதினார். ஆனால் சந்தை மைக்ராஸ்கோப்பு வைத்துப் பார்ப்பதில்லையே. மலிவான ஆலைத்துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு செட் லங்காஷயரின் ப்ரெஸ்டன் நகரில், ஹாரிஸ் மியூசியத்தில் இருக்கிறது. அது ஹாரக்ஸஸ் என்ற பெரிய பருத்தி மில்லின் ஊர். இங்குள்ள தறிக்காரருக்குப் போட்டியாக அங்கே பார்த்து நெய்வதற்காகப் போன புத்தகம்; இப்போது அந்த மில்லும் மூடியாகிவிட்டது. ஆரணியில் கைத்தறி இன்னும் ஓடுகிறது, பட்டில். அந்தத் தொகுதிகளைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றியிருப்பதால், ஆரணி நெசவாளர் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே மொபைலில் பக்கம் புரட்டலாம். கரையும் கட்டமும் வண்ணமும் துல்லியமாகத் தெரியும். சேலைக்கு டிசைன் தேடுகிறவருக்கு அதுவே புதையல். மஸ்லின் விஷயத்தில்தான் சிக்கல். வெள்ளைத் துணியின் படத்தில் என்ன தெரியும்? இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தால்தான் நெய்கிறவருக்கு நூலின் நயம் பிடிபடும். ப்ரெஸ்டனுக்குப் போய்த் தொட்டுப் பார்க்க விசா வேண்டும்.