ஊரில்லாத நாயகன்

நான் இருக்கும் புதுப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். மாமல்லன் பெயரை ஒரு ஊரே சுமக்கிறது. நாகநந்தியின் பெயரை அங்கே ஒரு பெட்டிக்கடைப் பலகையில்கூட நான் பார்த்ததில்லை.

'சிவகாமியின் சபதம்' (1944-46) பற்றி இங்கே பேசுவது சிலருக்கு எரிச்சலூட்டும். கல்கியின் நடையை நானும் கொண்டாடவில்லை. ஆனால் பி.ஏ. வகுப்பில் நான் படித்த பைரனின் நாயகன் - தனியன், கர்வி, கடந்த காலத்தை மறைப்பவன், தன் ஆசையாலேயே அழிகிறவன் - தமிழில் முழு உருவத்தோடு வந்தது அந்தத் தொடர்கதையில்தான். இரட்டையரில் ஒருவன் புலிகேசி, வாதாபி அரியணையில்; மற்றவன் நாகநந்தி, காவி உடையில். துறவி, ஒற்றன், கலைப்பித்தன். சிவகாமியின் கலைக்கு மாமல்லனைவிட அதிகம் அடிமைப்பட்டவன் அவனே. இருந்தும் கல்கி அவனை வில்லன் நாற்காலியில் உட்கார வைத்தார். அதோடு, அவன் சளுக்கன், வெளியூரான்.

பைரனும் தன் நாயகர்களை வெளிநாட்டில்தான் உலவவிட்டான். 'கோர்சேர்' (1814) கடற்கொள்ளைக்காரனின் கதை. வெளியான அன்றே பத்தாயிரம் பிரதிகள் விற்றது. ஆனால் கொள்ளைக்காரனின் அங்கிக்குள் இருப்பது பைரனே என்று லண்டன் வாசகன் நம்பினான். அந்த முகச்சுளிப்பைக் கண்ணாடி முன் பழகிய இளைஞர்களை 1831ல் மெக்காலே கேலி செய்தார். அதே மெக்காலேயின் 1835 கல்விக் குறிப்பு திறந்த வழியில்தான் பைரன் நம் வகுப்புகளுக்குள் நுழைந்தான்.

நாம் அங்கியை எடுத்துக்கொண்டோம். உள்ளே இருந்தவன் நம்மவன் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

ஜனரஞ்சக எழுத்தின் கோளாறு இது என்று தள்ளிவிட முடியாது. சுந்தர ராமசாமியின் ஜே.ஜே. (1981) சமரசத்தை வெறுத்தவன், தன்னையே தின்றவன். அவன் மலையாளி, நாவல் தொடங்கும்போதே இறந்துவிட்டவன். தமிழனான பாலு தூரத்திலிருந்து அவனை வழிபடுகிறான். அந்தத் தூரத்தை நாவல் அறிந்தே வைத்திருக்கிறது என்பது என் வாசிப்பு. நம்மில் பலர் அறியாமல் ஜே.ஜே.யாகவே நடமாடினோம்.

எதிர்ப்புறம் ஜி. நாகராஜனின் கந்தன். 'நாளை மற்றுமொரு நாளே' (1974) அவனுக்கு ஒரு தெரு, ஒரு மீனா, ஒரே ஒரு நாள் என்று கொடுக்கிறது. அவன் நம் ஊர்க்காரன், சந்தேகமில்லை. ஆனால் தன் துயரத்துக்குப் பெருமிதம் பூச அவனுக்கு நேரமில்லை. ஊர் கிடைத்ததும் அந்த அங்கி கழன்று விழுந்துவிடுகிறது.

இதுதான் என்னை உறுத்துகிறது. தமிழில் கலகக்காரன் தனியாக நிற்க வேண்டுமென்றால் அவன் அந்நியனாகவோ பிணமாகவோ இருக்க வேண்டியிருக்கிறது. இங்கேயே பிறந்து, அம்மா, சாதி, வீட்டுக்கடன் எல்லாவற்றோடும் இருக்கிறவன் உள்ளுக்குள் எரிந்தால் அவனுக்கு நம் எழுத்தில் என்ன இடம்?

கேள்வி எனக்கும்தான். என் கவிதைகளில் வரும் 'நான்' யாருக்கும் பதில் சொல்வதில்லை. அதை எழுதுகிறவன் திங்கட்கிழமை பத்து மணிக்கு வங்கிக் கவுண்ட்டரில் அடுத்தவர் பணத்தை எண்ணுகிறான். மேலாளர் கூப்பிட்டால் எழுந்து நிற்கிறான். இந்த இரண்டு பேரையும் ஒரே வரியில் வைக்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. அதுவரை என் கலகமும் வாதாபியிலிருந்து இரவல் வாங்கியதே.