ஔவை என்பது யார் பெயர்?

அதியமான் நெடுமான் அஞ்சி மாய்ந்தபின் பாடிய கையறுநிலைப் பாட்டில் (புறநானூறு 235) ஔவையார் நினைந்து அழுவது கள்ளையும் ஊனையும். சிறிதளவே கள் கிடைத்தால் அதை எங்களுக்கே தந்துவிடுவான், எலும்போடு தசை உள்ள இடமெல்லாம் எங்களுக்கே தருவான் என்கிறார். கொன்றைவேந்தனோ கொன்று தின்னாமையையே நோன்பு என்கிறது. இரண்டையும் ஔவையார் பாடியதாகவே மரபு சொல்கிறது. அப்பெயருக்குரியவர் ஒருவரா, பலரா? பலர் என்பது உறுதி. எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்வதற்குத்தான் சான்று போதாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கருத்து வேறுபாடு மட்டும் ஆளை வேறாக்காது. மனிதர் மனம் மாறுவதுண்டு. யாப்பும் துணைக்கு வராது: சங்கப் பாடல்களைப் போலவே விநாயகர் அகவலும் ஆசிரியப்பாதான். ஒரு நூல் எவற்றையெல்லாம் அறிந்திருக்கிறது என்பதே வலிய சான்று. நல்வழியின் இறுதி வெண்பா மூவர் தமிழையும் திருவாசகத்தையும் திருமூலர் சொல்லையும் குறளோடு ஒன்றாக வைக்கிறது. ஆகவே அது திருவாசகத்துக்குப் பிற்பட்டது. அவ்வெண்பாவை இடைச்செருகல் என்று ஒதுக்கினாலும் காப்புச் செய்யுள் எஞ்சும். அங்கே பிள்ளையாரிடம் கேட்கப்படும் வரம் சங்கத் தமிழ். சங்கப் புலவர் ஒருவர் தம் காலத்துத் தமிழையே அப்படிப் பெயரிட்டு வரமாகக் கேட்டிருக்க மாட்டார். பிள்ளையார் வழிபாடும் சங்கப் பாடல்களில் இல்லை.

சங்க ஔவையாரின் பெயரில் 59 பாடல்கள் உள்ளன: புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. தகடூர் அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றது, தொண்டைமானிடம் தூது சென்றது என இவருக்கு மட்டுமே வாழ்க்கைச் சுவடு சிறிதேனும் கிடைக்கிறது. 1981-இல் ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் இருக்கிறது. ஆனால் அது புரவலர் மரபுக்குத்தான் சான்று. புலவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீதி நூல்களைப் பாடியோருக்கு இவ்வளவும் இல்லை. அவர்களுடைய வாழ்வாக நம் கையில் இருப்பவை நூல்களே.

பெயர் ஏன் இப்படிக் கலந்தது? ஔவை என்பது தாயை, மூதாட்டியைக் குறிக்கும் சொல். கன்னடத்தில் அவ்வ என்றால் தாய், தெலுங்கில் பாட்டி. மதிப்புக்குரிய பெண்பாற் புலவர் எவரையும் அப்படி அழைக்கலாம். அழைக்கும் பெயரே இயற்பெயராக எண்ணப்பட்டபோது பலர் ஒருவராயினர். தனிப்பாடல் கதைகள் அந்த ஒருவரைக் கம்பரோடும் ஒட்டக்கூத்தரோடும் வாதிட வைத்தன. உ.வே.சா. 1894-இல் புறநானூற்றை அச்சிடும் முன்பே அந்தப் பாட்டி ஊரெங்கும் வேரூன்றிவிட்டார். 1953-இல் கே.பி. சுந்தராம்பாள் நடித்த திரைப்படம் அவருக்கு முகமும் குரலும் கொடுத்தது.

இதில் மறைந்துபோனவர் சங்க ஔவையார்தான். புறநானூறு 89-இல் பகையரசன் அவரை மை தீட்டிய கண்ணும் ஒளிவிடும் நெற்றியும் உடைய விறலி என்று விளிக்கிறான். அந்த விளியில் முதுமையின் சாயலே இல்லை.

ஆகவே, முதலாம் ஔவை, இரண்டாம் ஔவை என்று வரிசை எண் இடும் வழக்கத்தை இலக்கிய வரலாறு கைவிட வேண்டும். அந்த எண்கள் நாம் அறியாத வாழ்வுகளை அறிந்ததாகக் காட்டுகின்றன. புறநானூற்று ஔவையார், நல்வழி ஔவையார் என நூலைக் கொண்டே சுட்டுவோம். கோலூன்றிய பாட்டி கதைகளில் வாழட்டும். அதியனோடு கள்ளைப் பகிர்ந்து உண்டவருக்கு அவருடைய முகத்தைத் திருப்பித் தருவோம்.